பிரான்ஹாவுக்குத் தூண்டில்: அமேசானில் முதல் முறை போடுகிறவர்களுக்கு

சரியான மாதத்தில், சரியான தண்ணீரில் தூண்டிலை இறக்கினால் பிரான்ஹா அரை நிமிடத்துக்குள் இரையைத் தொட்டுவிடும். முதல் முறை போடுகிறவர்கள் கோட்டை விடுவது அதற்குப் பிறகுதான். இரை பறிபோய் வெறும் முள் மேலே வரும். அப்படியே மாட்டினாலும், மீன் படகுக்குள் துள்ளி யாருடைய விரலையாவது பதம் பார்க்கும். பிரான்ஹா கடித்ததாகச் சொல்லப்படும் காயங்களில் பெரும்பாலானவை, பிடித்த மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றும்போது பட்டவைதான். ஆகவே எப்போது சுண்டி இழுப்பது, இழுத்த மீனை என்ன செய்வது என்ற இரண்டையும் இங்கே விரிவாகச் சொல்கிறோம், மற்றதைச் சுருக்கமாக.

அமேசான், ஒரினோக்கோ, பரகுவாய், பரானா ஆறுகளில் பிரான்ஹா உண்டு. பயணிகள் அதிகம் போகும் இடங்கள் பிரேசிலில் மனௌஸ் சுற்றுவட்டாரமும் பந்தனால் சதுப்பு நிலமும், பெருவில் இக்கிட்டோஸ், ஈக்வடாரில் குயபேனோ, பொலிவியாவில் ருரெனபாக்கே. கீழே உள்ளது மனௌஸை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற இடங்களில் மாதமும் சட்டமும் மாறும். கம்பு, முள், இரை எல்லாம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எந்த மாதம், எந்தத் தண்ணீர்

மனௌஸில் ஆண்டுக்கு ஒருமுறை ஆற்று நீர்மட்டம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஜூன் வாக்கில் உச்சம்; அக்டோபர், நவம்பரில் அடிமட்டம். சாதாரண ஆண்டிலேயே இரண்டுக்கும் இடையில் 10 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். 2021 ஜூனில் மனௌஸ் துறைமுக அளவுகோல் 30.02 மீட்டரைத் தொட்டது. 2023, 2024 வறட்சிகளில் அதே அளவுகோல் 13 மீட்டருக்கும் கீழே போனது.

மீன் பிடிக்கிறவருக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் எல்லாம். தண்ணீர் உயர்ந்திருக்கும்போது ஆறு காட்டுக்குள் புகுந்துவிடும். மீன்களும் மரங்களுக்கு நடுவே கிலோமீட்டர் கணக்கில் பரவிவிடும். அப்போது அவற்றுக்கு விழும் பழம், விதை, பூச்சி என்று சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பிரான்ஹாவும் இறைச்சி மட்டும் தின்கிற மீன் இல்லை. பழமும் விதையும் தின்னும். தண்ணீர் வடியும்போது மீன்கள் எல்லாம் ஏரிகளிலும் கால்வாய்களிலும் ஒடுங்கும், இரை குறையும், பசி கூடும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை போகிறவர்களுக்கு நல்ல வேட்டை கிடைப்பது இதனால்தான். ஒரு எச்சரிக்கை: கடும் வறட்சி ஆண்டில் சில விடுதிகளுக்குப் படகே போக முடியாது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, ‘இப்போது படகு விடுதி வரை வருகிறதா?’ என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

இக்கிட்டோஸில் தண்ணீர் உச்சம் ஏப்ரல், மே. வடிவது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. பந்தனாலில் ஜூலை முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். பிரேசில் பந்தனாலில், மாநிலத்தைப் பொறுத்து, அக்டோபர் அல்லது நவம்பர் தொடங்கி ஜனவரி அல்லது பிப்ரவரி முடியும் வரை மீன்கள் இனப்பெருக்கத்துக்காக மேலேறும் காலம் என்பதால் மீன்பிடிக்குத் தடை உண்டு. அந்த மாதங்களில் ‘யாரும் பார்க்க மாட்டார்கள், வாருங்கள்’ என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். அமேசானின் தெற்கிலும் தென்மேற்கிலும் மே முதல் ஆகஸ்ட் வரை அவ்வப்போது குளிர்க்காற்று இறங்கும். வெப்பநிலை ஒரே இரவில் சட்டென்று விழும். அதற்கடுத்த ஓரிரு நாள் மீன் மந்தமாகிவிடும், கடி வெகுவாகக் குறையும். அது உங்கள் தூண்டிலின் குற்றம் இல்லை.

தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். மனௌஸ் பக்கம் ஓடும் இரண்டு ஆறுகளில் ரியோ நெக்ரோ தேயிலைச் சாயம் போன்ற கருந்தண்ணீர். அமிலத்தன்மை அதிகம், சத்து குறைவு, கொசுவும் குறைவு. சொலிமோயெஸ் வண்டல் கலந்த பழுப்புத் தண்ணீர். அதன் வெள்ளப்பெருக்கு ஏரிகளில் சத்தும் மீனும் அதிகம், கொசுவும் அதிகம். மீன் பிடிப்பதற்காகவே போகிறீர்கள் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

மனௌஸிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றுலாக்களில் ஆறுகளின் சங்கமம், ராட்சத அல்லி, சாப்பாடு, கைவினைக் கடை எல்லாம் இருக்கும். தூண்டிலுக்கு நடுப்பகலில் அரை மணி நேரம் ஒதுக்குவார்கள், அதுவும் கடி குறைவான நேரம். அதை நம்பி அவ்வளவு தூரம் போகாதீர்கள். மனௌஸுக்குத் தெற்கே மமோரி, ஜுமா பக்கம் உள்ள காட்டு விடுதிகளில் குறைந்தது இரண்டு இரவு தங்கினால் ஒரு அதிகாலையும் ஒரு மாலையும் உறுதியாகக் கிடைக்கும்.

என்ன மீன் மாட்டும்

அதிகம் மாட்டுவது செவ்வயிற்றுப் பிரான்ஹா. அறிவியல் பெயர் பைகோசென்ட்ரஸ் நாட்டரரி. 30 செ.மீ. வரை வளரும், தூண்டிலில் வருவது பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. கருந்தண்ணீரில் கரும்பிரான்ஹா கிடைக்கும். அது 40 செ.மீ. வரை போகும், கண் சிவப்பாக இருக்கும், இழுப்பும் பலமாக இருக்கும். இவை தவிர வெளிறிய நிறத்தில் சின்னச் சின்ன இனங்களும் உண்டு. அவை இரையைக் கொறித்துவிட்டு ஓடும் ரகம்.

செவ்வயிற்று மீனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதுகு ஈயச் சாம்பல், விலாவில் வெள்ளித் துகள் தூவினாற்போல் மினுமினுப்பு, தொண்டையிலிருந்து வயிறு வரை ஆரஞ்சு. கீழ்த்தாடை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். வாய் மூடியிருக்கையில் பல் தெரியாது, தடித்த உதடு மூடிவிடும். குறடால் உதட்டைக் கீழே இழுத்தால்தான் முக்கோணப் பற்கள் மேல்வரிசையும் கீழ்வரிசையும் இடைவெளியின்றிக் கோத்துக்கொண்டிருப்பது தெரியும். வழிகாட்டிகள் ஒரு பச்சை இலையை வாயருகே நீட்டிக் காட்டுவார்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம், இலை விளிம்பில் பிறை வடிவத் துண்டு காணாமல் போயிருக்கும், வெட்டு வழவழப்பாக இருக்கும். அந்த வெட்டை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இரையையும் மீன் இப்படித்தான் வெட்டப்போகிறது.

கிளம்பும் முன்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முதலில் முடித்துவிடுங்கள். பிரேசில், பெரு, ஈக்வடார், பொலிவியா நான்கும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள். ஊசிச் சான்று இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே 6 நாள் வரை தனிமைப்படுத்தலுக்கு அனுப்பிவிடலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். பிறகு ஆயுள் முழுக்க அதுவே போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பதிவு தேவைப்படும் என்பதால் கடைசி வாரம் வரை விடாதீர்கள். 60 வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் போடக் கூடாது. மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். டெட்டனஸ் ஊசி காலாவதியாகியிருந்தால் அதையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பிரேசிலில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க உரிமம் உண்டு. அது யாருக்குத் தேவை, விடுதியே எடுத்துத் தருமா என்பதை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சி தொடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே வழக்கமான இரை மாட்டிறைச்சிதான். கோழியும் மீன் துண்டும் சமமாக வேலை செய்யும். ஆனால் படகில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது. முதல் நாள் இரவே விடுதியில் சொல்லிவையுங்கள். கோழிக்கு ஃபிராங்கோ, மீனுக்குப் பெய்ஷி என்று சொன்னால் புரியும்.

எடுத்துப்போக வேண்டியவை அதிகம் இல்லை. விரல் மூடிய காலணி கட்டாயம். செருப்பு, சாண்டல் கூடாது. கண்ணாடி ஒன்று, வெயிலுக்கு மட்டும் இல்லை, அடுத்தவர் வீசும் முள்ளிலிருந்து கண்ணைக் காக்கவும்தான். முழுக்கைச் சட்டை, தொப்பி. சுமார் 20 செ.மீ. நீளமுள்ள நீள்மூக்குக் குறடு. விடுதியிலும் குறடு இருக்கும், ஆனால் நான்கு பேருக்கு ஒன்றுதான் இருக்கும்; மீன் தொடர்ந்து விழும்போது அது போதாது. குறடையும் முட்களையும் விமானத்தில் கைப்பையில் வைக்காமல் ஏற்றிவிடும் பெட்டியில் வையுங்கள்.

தூண்டில்

ரீல் வேண்டாம். 2 முதல் 2.5 மீட்டர் நீள மூங்கில் கம்பு அல்லது எடை குறைந்த காட்டுக் கம்பு, அதன் நுனியில் நரம்பு (தூண்டில் நூல்), அவ்வளவுதான். நுனியில் மட்டும் நரம்பைக் கட்டினால் நுனி ஒடிந்த கையோடு மீனும் போய்விடும். நரம்பைக் கம்பின் மேல் நான்கைந்து சுற்றுச் சுற்றி, கைப்பிடிக்கு ஒரு அடி மேலே ஒரு முடிச்சு, நுனியில் ஒரு முடிச்சு என்று கட்டியிருக்கிறதா பாருங்கள்.

நரம்பு 0.50 முதல் 0.60 மி.மீ. தடிமன். நுனியிலிருந்து தொங்கும் நீளம் கம்பின் நீளத்தைவிட 30 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். சரியாகக் கம்பளவு இருந்தால், கம்பை நிமிர்த்தும்போது மீன் ஊசலாடி நேரே உங்கள் மார்புக்கோ மடிக்கோ வந்து சேரும். கொஞ்சம் குறைவாக இருந்தால் கம்பைச் சாய்த்தபடியே மீனைப் படகின் நடுவே இறக்கலாம்.

நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே 15 முதல் 20 செ.மீ. மெல்லிய எஃகுக் கம்பி இருக்க வேண்டும். எவ்வளவு தடித்த நரம்பாக இருந்தாலும் பிரான்ஹா ஒரே கடியில் துண்டாக்கிவிடும். இந்தக் கம்பி இல்லாத தூண்டிலைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். முள் உள்ளே போய், மேலே நரம்பு வெட்டுப்பட்ட மீன் ஆற்றில் பிழைப்பது கடினம். முந்தைய நாள் மீன்கள் கடித்துக் கடித்துக் கம்பி நெளிந்திருந்தால் அந்த இடத்தில் முறியும். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முள் 2/0 அளவு, தண்டு நீளமானது. மீனின் தலை பெரிதாகத் தெரிந்தாலும் வாய் சிறியது. 4/0 எல்லாம் பெரிய கரும்பிரான்ஹாவுக்குத்தான். முள்ளின் கூர்மையை நகத்தில் வைத்துப் பாருங்கள். லேசாக அழுத்தி இழுத்தால் நகத்தில் கீறி நிற்க வேண்டும், வழுக்கினால் அது மழுங்கிய முள். பிரான்ஹாவின் தாடை கெட்டியான எலும்பு. மழுங்கிய முள் அதில் ஏறாமல் சறுக்கிவிடும். பலர் ‘இழுத்தேன், வரவில்லை’ என்று சொல்வதில் பாதி இந்த மழுங்கல் செய்த வேலை.

கம்பிக்கு மேலே 5 முதல் 10 கிராம் ஈயக்குண்டு ஒன்று. தக்கை வேண்டாம். தக்கை அசைவதைக் கண் பார்த்து, கை இழுப்பதற்குள் மீன் போய்விடும். கடி நேரடியாகக் கையில் தெரிய வேண்டும்.

ஆழமான இடத்தில் கம்பில்லாமல் கைத்தூண்டில் தருவார்கள். அப்போது நரம்பை விரலிலோ உள்ளங்கையிலோ ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள். பெரிய மீன் ஒன்று சட்டென்று இழுத்தால் நரம்பு சதையை அறுத்துவிடும்.

இரை

கொழுப்பில்லாத, நாரோட்டமான இறைச்சி வேண்டும். மாட்டு இதயம் மிகச் சிறப்பு; கெட்டியாக இருப்பதால் முள்ளில் நிற்கும். கொழுப்பு தண்ணீரில் மிதக்கும், சீக்கிரம் பிய்ந்துவிடும். கோழி என்றால் தோலோடு வையுங்கள், தோல்தான் பிடித்துக்கொள்ளும்.

துண்டின் அளவு 1.5 முதல் 2 செ.மீ. புதியவர்கள் ‘பெரிய மீனுக்குப் பெரிய துண்டு’ என்று எலுமிச்சம்பழ அளவுக்குக் கோப்பார்கள். பிரான்ஹா இரையை முழுசாக விழுங்குவதில்லை. வரும், ஒரு விளிம்பை வெட்டும், திரும்பும். பெரிய துண்டில் முள் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டிக்கொண்டு போய்விடும். சிறிய துண்டில் எந்தப் பக்கம் கடித்தாலும் முள் வாய்க்குள் இருக்கும்.

முள்ளைத் துண்டுக்குள் இரண்டு முறை ஏற்றுங்கள்: ஒரு பக்கம் குத்தி வெளியே எடுத்து, திருப்பி மறுபடி குத்தி, கூர்நுனி மட்டும் லேசாக வெளியே தெரியும்படி. தொங்கும் நார், தோல் வால் எதுவும் இருந்தால் வெட்டிவிடுங்கள். மீன் முதலில் அதைத்தான் இழுத்துப் பறிக்கும். நான்கு பேர் இரண்டு மணி நேரம் பிடிக்க அரைக் கிலோ போதும். முதல் மீன் கிடைத்த பிறகு அதன் விலாவிலிருந்து தோலோடு வெட்டிய துண்டுகளே மிக நல்ல இரை. பிரான்ஹா பிரான்ஹாவைத் தின்னும். அந்தத் தோல் கெட்டியானதால் ஒரே துண்டில் இரண்டு மூன்று கடி தாங்கும்.

போடும் முறை

ஓட்டமுள்ள நடு ஆற்றை விட்டுவிடுங்கள். மிதக்கும் புல்திட்டின் ஓரம், சிறு கால்வாய் ஏரியில் சேரும் வாய், கிளைகள் தண்ணீர்மேல் கவிந்த நிழல், இவற்றில் 1 முதல் 3 மீட்டர் ஆழம் இருக்குமிடம் பாருங்கள். விடிந்த பிறகு இரண்டு மணி நேரமும், அந்தி சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் நல்ல நேரம். பகலில் போட வேண்டியிருந்தால் நிழலும் ஆழமும் தேடுங்கள்.

படகை அசையாமல் கட்டிய பிறகு கம்பு நுனியால் தண்ணீரை நாலைந்து தடவை பலமாக அடித்துக் கலக்குங்கள். மீனை விரட்டுகிற மாதிரி தோன்றும், நடப்பது நேரெதிர். பழம் விழுவதும் அடிபட்ட மீன் துடிப்பதும் எழுப்புகிற சத்தம் அது, பிரான்ஹா அதைத் தேடி வரும். உடனே இரையை இறக்குங்கள். ஈயம் தரையைத் தொட்டதும் நரம்பு தளரும். அங்கிருந்து ஒரு சாண் உயர்த்திப் பிடியுங்கள். நரம்பு எப்போதும் விறைப்பாக இருக்கட்டும். தளர்ந்த நரம்பில் கடி தெரியாது.

குட்டி மீன்கள் கொறித்தால் ‘டிக் டிக்’ என்று லேசான துடிப்பு வரும். பிரான்ஹா தொட்டால் ‘டக்’கென்று ஒரு வெட்டு இழுப்பு. அந்த முதல் இழுப்பிலேயே சுண்ட வேண்டும். கெண்டைக்குத் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் தக்கை முழுசாக மூழ்கட்டும் என்று பொறுமையாக இருப்பார்கள். இங்கே அந்தப் பொறுமை இரையைத் தொலைக்கும். மீன் இரையைச் சுற்றி வாயை மூடும் அந்த ஒரு கணத்தில்தான் முள் தாடைக்குள் இருக்கிறது.

சுண்டுவது மணிக்கட்டில் இருந்து வர வேண்டும். கம்பு நுனி ஓர் அடி, அதிகம் போனால் ஒன்றரை அடி மேலே எழும்பினால் போதும். தோளிலிருந்து முழுவீச்சாக இழுத்தால், மாட்டாத முள் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் பின்னால் இருப்பவர் முகத்துக்குப் போகும். மாட்டியிருந்தால் மீனே போகும். சுண்டிய பின் கனம் தெரிந்தால் நிறுத்தாமல் ஒரே சீராக மேலே தூக்குங்கள். நடுவில் தளர்த்தினால் முள் கழன்றுவிடும்.

பத்துப் பதினைந்து நிமிடம் கடியே இல்லையென்றால் இடம் மாற்றச் சொல்லுங்கள். வழிகாட்டி தானாகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கே தவறுகிறது

வெறும் முள் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் இரையைச் சிறிதாக்குங்கள், பிறகு சீக்கிரம் சுண்டுங்கள். இரண்டையும் செய்தும் அதே கதை என்றால் கீழே இருப்பது குட்டி இனங்கள். 1/0 முள் கேளுங்கள், இல்லையென்றால் இடம் மாறுங்கள். மீன் தண்ணீர் மட்டம் வரை வந்து விழுந்தால் முள் மழுங்கல், அல்லது தூக்கும்போது தயங்கியிருக்கிறீர்கள். கம்பிக்கு மேலே நரம்பு சுத்தமாக வெட்டுப்பட்டால், மாட்டிய மீனை வேறொரு மீன் துரத்திக் கடித்திருக்கலாம். கம்பியை 25 செ.மீ. ஆக்கினால் குறையும். மாட்டிய மீன் மேலே வரும்போது வாலோ வயிறோ காணாமல் போயிருந்தால் அதுவும் இதே காரணம்தான். அந்த இடத்தில் கூட்டம் இருக்கிறது, தூக்குவதை வேகப்படுத்துங்கள்.

முள் வேரில் சிக்கினால் நரம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். விடுபட்ட வேகத்தில் முள் உங்களை நோக்கிப் பறந்து வரும். படகைச் சிக்கிய இடத்துக்கு நேர் மேலே கொண்டுபோய், வந்த திசைக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். கையைத் தண்ணீருக்குள் விட்டு வேரைத் தடவவே கூடாது. பிரான்ஹா ஒருபுறம் இருக்கட்டும், மின்விலாங்கும் திருக்கையும் அதே ஓரங்களில்தான் இருக்கும்.

படகுக்குள் வந்த பிறகு

இங்கேதான் நிதானம் வேண்டும். மீன் மேலே வந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் எட்டிப் பார்ப்பார்கள், சிறிய படகு சாயும். உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள். எதிரெதிர்ப் பக்கம் பார்த்து ஆளுக்கொரு திசையில் தூண்டில் போட்டால் முட்கள் ஒன்றோடொன்று சிக்காது.

மீனைப் படகின் தரையில் விடாமல், மூடியுள்ள ஆழமான வாளிக்கு மேலே தொங்கவிடுங்கள். கம்பை ஒரு கையிலும் எஃகுக் கம்பியின் மேல்முனையை மற்றொரு கையிலும் பிடித்தால் மீன் ஊசலாடாது. முதல் இரண்டு மூன்று மீன்களை வழிகாட்டியே கழற்றட்டும். கையை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கள். உள்ளங்கை முதுகின்மேல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருபுறமும் செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னே, வாய் வெளிப்பக்கம் பார்த்தபடி. வயிற்றுப் பக்கமாகப் பிடிக்கக் கூடாது. பிரான்ஹாவின் அடிவயிற்று விளிம்பில் ரம்பம் போல் கூர்செதில்கள் வரிசையாக இருக்கின்றன, மீன் உதறினால் உள்ளங்கையைக் கிழிக்கும்.

முள்ளின் தண்டைக் குறடால் பற்றி, கைப்பிடியை மேலே தூக்கித் தலைகீழாகத் திருப்பினால் மீனின் எடையே முள்ளிலிருந்து அதை விடுவிக்கும், மீன் வாளிக்குள் விழும். விரல் குறடின் பிடிக்குக் கீழே இறங்கவே கூடாது. கையுறை போட்டிருந்தாலும் இதே விதிதான். துணியோ தோலோ அந்தப் பல்லை நிறுத்தாது. முள் தொண்டைக்குள் போயிருந்தால் உயிரோடு தோண்டாதீர்கள். கண்ணுக்கு மேலே தலையில் கட்டையால் ஓங்கி ஓர் அடி அடித்துக் கொன்ற பிறகு எடுங்கள்.

கையில் பிடித்த செவ்வயிற்று மீன் ‘குர்க், குர்க்’ என்று உறுமும். காற்றுப்பைக்குப் பக்கத்துத் தசைகள் வேகமாகச் சுருங்குவதால் வரும் ஒலி அது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இந்த மீன்கள் மூன்று வகை ஒலி எழுப்புவதைப் பதிவு செய்தார்கள். முதல் முறை கேட்கிறவர்கள் பதறி மீனைக் கைவிடுவதுண்டு. விட்ட மீன் விழுவது கால்மேல்தான். காலணியைக் கட்டாயம் என்றது இதற்குத்தான்.

செத்ததாகத் தெரியும் மீனின் தாடையும் சற்று நேரம் கழித்துத் தானாக வெட்டி மூடும். புகைப்படத்துக்காக விரலால் உதட்டைத் திறக்காதீர்கள், குறடு போதும். முகத்தருகே கொண்டுபோகாமல் கையை நீட்டிப் பிடித்தாலே படத்தில் மீன் பெரிதாகவும் தெரியும்.

சிறுவர்கள் கம்பைப் பிடிக்கலாம், கழற்றுவது பெரியவர்கள் வேலை. சாப்பிடப்போகிற அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி விடுங்கள். விடுவதென்று முடிவு செய்திருந்தால் தொடங்குமுன்பே குறடால் முள்ளின் எதிர்க்கொக்கியை (மீன் கழலாமல் தடுக்கும் சின்னப் பின்முனை) நசுக்கிவிடுங்கள்; மீனும் நோகாது, உங்கள் விரலும் முள்ளுக்குப் பக்கத்தில் நெடுநேரம் இருக்காது.

கடித்துவிட்டால்

சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ரத்தம் நின்றதும் குடிநீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவுங்கள், ஆற்றுத் தண்ணீர் வேண்டாம். மஞ்சள் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். சதைத் துண்டு போயிருந்தாலோ, விரல் மரத்திருந்தாலோ, மடக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே ஊர் திரும்பி மருத்துவரைப் பாருங்கள். ஆற்றுக் காயத்தில் கிருமி சீக்கிரம் ஏறும். எதிர் நுண்ணுயிர் மருந்து தேவையா என்பதை அவர் சொல்வார்.

குளிப்பதைப் பற்றியும் எல்லாரும் கேட்பார்கள். அந்தப் பகுதி மக்கள் பிரான்ஹா உள்ள ஆற்றில் தினமும் குளிக்கிறார்கள். ஆபத்தான இடங்கள் சில உண்டு: மீன் கழுவிக் குடலை வீசும் படித்துறை, வறட்சியில் தனித்துப்போன குட்டை, நீர்ப்பறவைகள் கூடு கட்டிய மரத்தடி, தண்ணீர் தேங்கிய அணைப்பகுதிகள். 2013 டிசம்பர் 25 அன்று அர்ஜென்டினாவின் ரொசாரியோவில், பரானா ஆற்றில் குளித்தவர்களில் ஏறத்தாழ 70 பேரை பிரான்ஹாவின் உறவுக்கார மீன்கள் கடித்தன. கடும் வெயில் நாள், கரையோரம் நெரிசல். நீங்கள் தூண்டில் போட்டு ரத்தமும் துண்டும் கலந்த இடத்தில் அன்றைக்கு இறங்காதீர்கள். விடுதிக்காரர்கள் காட்டும் இடத்தில் குளியுங்கள்.

சமைப்பது

பிரான்ஹாவில் சதை குறைவு, முள் அதிகம். ஆனால் சுவை நன்றாக இருக்கும். சதைக்கு நடுவே இரட்டைக் கிளையாகப் பிரியும் மெல்லிய முட்கள் ஓடுகின்றன. அதற்கு அங்கே உள்ள வழி, செதிலைத் தேய்த்து, குடல் எடுத்து, இருபுறமும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளியில் முதுகெலும்பு வரை நெருக்கமாகக் கீறுவது. கீறல் முட்களைத் துண்டாக்கும், கொதிக்கும் எண்ணெய் அவற்றை மொறுமொறுப்பாக்கும். உப்பும் எலுமிச்சைச் சாறும் தடவி 15 நிமிடம் வைத்து, மரவள்ளி மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். மீனை ஆயும்போது தலையை முதலில் வெட்டி எடுத்து ஓரமாக வையுங்கள், கத்தி பிடிக்காத கை வாயருகே போகாமலிருக்கும்.

20 செ.மீ. மீன் ஒருவருக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். சிறியவை நிறைய மாட்டியிருந்தால் சூப் நல்லது. பந்தனாலில் இது பெயர்பெற்றது: மீனைத் தலையோடு வெங்காயம், பூண்டு, தக்காளி, கொத்துமல்லி சேர்த்து அரை மணி நேரம் வேகவைத்து, மசித்து, சல்லடையில் வடித்து, அந்தக் குழம்பை மறுபடி கொதிக்கவிட்டு மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துக் குடிப்பார்கள். முள் எல்லாம் சல்லடையிலேயே நின்றுவிடும் என்பதால் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம், மிளகாயை மட்டும் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.